காயடிக்கிற சுமாய்லா ஒப்புக்கொண்ட களவு

சுமாய்லாவைத் திருடன் என்று சொல்கிற வாய்கள் எங்கள் சந்தையில் இன்னமும் இருக்கின்றன. அந்த வாய்களுக்குத்தான் இருபத்தாறு வருடமாக நான் சோள மாவை இலையில் பொதிந்து கென்கி உருண்டை அவித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தின்றுவிட்டு இலையைக் கீழே வீசத் தெரியும், நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியாது. ஆகவே நான் சொல்கிறேன். யாருக்காவது கசந்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளட்டும்.

சுமாய்லா வடக்கே பாவ்கு பக்கத்துக்காரன். ஆட்டு லாரியில் ஆடுகளோடு ஆடாக வந்து இறங்கியபோது அவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. எங்கள் கிழங்குச் சந்தையின் பின்பக்கம் ஆட்டுத் தொழுவம், தொழுவத்தை ஒட்டி என் அடுப்பு. அவனுடைய தொழில், கிடாக்களுக்கும் காளைகளுக்கும் காயடிப்பது. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. கிடாவைச் சாய்த்து முழங்காலால் அணைத்துக்கொள்வான். பைக்குள்ளேயே விதையைப் பிடித்து, அது தொங்குகிற நரம்பை நாலைந்து சுற்றுச் சுற்றுவான். மேலே தள்ளி ஒரு துணி நாடாவால் கட்டுவான். அவ்வளவுதான் வேலை. நரம்பு முறுக்கிக்கொண்டால் ரத்தம் இறங்காது, ரத்தம் இறங்காவிட்டால் விதை செத்துப்போகும். கிடா சண்டையை மறந்து, தின்று கொழுக்கும்.

இதை அவன் எல்லாருடைய கண்ணெதிரிலும் தினம் நாலு தடவை செய்தான். ஆனால் ஒருவரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்க்கத்தான் வெட்கம். கொழுத்த கிடாவை எலும்போடு கடித்துத் தின்ன எந்த வெட்கமும் இல்லை.

அவன் கையையும் யாரும் தொடமாட்டார்கள். எங்கள் ஊரில் கைகொடுக்காமல் ஒரு முகமன் இல்லை. கைகொடுத்து, விலக்கும்போது நடுவிரலோடு நடுவிரல் சொடுக்கிச் சத்தம் வர வேண்டும். எதிரிக்கும் அந்தச் சொடுக்கு உண்டு. சுமாய்லாவுக்கு மட்டும் தூரத்திலிருந்து முழங்கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். "அந்தக் கை எங்க இருந்துட்டு வருதோ!" என்று ஒரு சிரிப்பு வேறு. ஐந்து வேளையும் தொழுகைக்குக் கைகால் கழுவுகிறவன் அவன். இவர்கள் கை கழுவுகிற லட்சணம் என் தண்ணீர்ப் பானைக்குத் தெரியும்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி போல ஜாம்ஃபி வந்தான். மிளகாய் விற்கிற ஃபோரிவாவின் கடைசி மகன். வயது இருபது. கிழங்கு லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை. உடம்பு நன்றாக இருக்கும், அது அவனுக்கும் தெரியும். சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் திரிவான். கூட நாலு சோம்பேறிகள்.

"அண்ணே, கையக் குடு. இவனுங்கல்லாம் பயந்தாங்கொள்ளிங்க, உன்னத் தொட மாட்டானுங்களாம்."

"இருப்பா, கழுவிட்டு வந்துடறேன்."

"கழுவ வேணாம், சும்மா குடு. என்னோடது எங்கயும் ஓடிடாது."

கொடுத்தான். விரல் சொடுக்கு என் அடுப்புவரை கேட்டது. சோம்பேறிகள் நாலு பேரும் ஊளையிட்டார்கள். சுமாய்லாவுக்குச் சந்தோஷம், பாவம். பற்கள் அத்தனையும் தெரிந்தன. இத்தனை வருடத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல்முறை.

என் பானையில் அடுத்த ஈடு வெந்து இறங்கவில்லை, அதற்குள் லாரிப் பக்கமிருந்து ஒரு அலறல். ஜாம்ஃபி தலையில் இருந்த மூட்டையைப் போட்டுவிட்டு, இரண்டாக மடிந்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டான். காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தான். "வயிறு... இல்ல, கீழ... ஐயோ அம்மா, கீழ!" என்று கையைக் கால்சட்டைக்குள் விட்டவன், பேயைத் தொட்டதுபோலக் கையை உதறினான்.

"இல்லடா! இடது பக்கம் எடத்துல இல்லடா! மேல போயிடுச்சு!"

"எதுடா?"

"அதுடா!"

அவ்வளவுதான். நாலு சோம்பேறிகளில் ஒருவன், இன்றைக்கும் அவனுக்கு நான் கடன் கொடுப்பதில்லை, "கைகொடுத்தான்! நான் பாத்தேன், வடக்கத்தியான் கைகொடுத்து உருவிட்டான்!" என்று கத்தினான். கைகுலுக்கி ஆண்மையைத் திருடுகிறார்கள் என்று இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். யாருக்குப் போனது என்று கேட்டால் யாருக்கும் போயிருக்காது, எப்போதும் அடுத்த ஊரில் ஒருவனுக்குப் போயிருக்கும். இப்போது சொந்த ஊரிலேயே ஒன்று கிடைத்துவிட்டது. விடுவார்களா?

சந்தையில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் இரண்டு கையாலும் தங்கள் தங்கள் சொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாராவது வந்து கிழங்கு லாரியையே ஓட்டிக்கொண்டு போயிருந்தால்கூடத் தடுக்க ஒரு கை மிச்சமில்லை. பிறகு சுமாய்லாவை அடிக்க மட்டும் கை கிடைத்தது. சட்டை கிழிந்தது. புருவத்துக்கு மேலே ஒரு கல் பட்டு ரத்தம் வழிந்தது. கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தவர்களும் இருந்தார்கள், அவர்களை என்னவென்று சொல்ல.

ஃபோரிவா மட்டும்தான் ஒழுங்காகப் பேசினாள். "டாக்சி கூப்பிடுங்க. புள்ளைய பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்."

"தாய்மாமன் வராம எப்படி?" என்றார்கள் பத்துப் பேர். எங்களில் பிள்ளை தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம், அம்மாவின் அண்ணன் சொன்னால்தான் எதுவும். பெற்றவளுக்கு அழ மட்டும் உரிமை உண்டு. "ஆஸ்பத்திரியில என்ன செய்வாங்க? இல்லாததுக்கு மருந்து போடுவாங்களா?" என்றான் டாக்சிக்காரன். அவன் வண்டியின் பின்கண்ணாடியில் கடவுள் பெயர் எழுதியிருக்கும்.

தாய்மாமன் தாச்சியைப் போனில் கூப்பிட்டார்கள். "நான் வர்ற வரைக்கும் யாரும் அவனத் தொடக் கூடாது" என்று உத்தரவு வந்தது. பிறகு குளித்தாராம். தோள்துணியை மடித்து மடித்து, சரியாக விழும்வரை நின்றாராம். சந்தைப் பெரியவர்களுக்குத் தலைவர் அல்லவா, துணி சரியாக விழாமல் எப்படி வருவது? மருமகன் மண்ணில் புழுவாகத் துடித்துக்கொண்டிருந்தான். வெயில் தொழுவத்துக் கூரையைத் தாண்டி ஏறியது. நடுவில் ஒரு பாஸ்டர் ஒலிபெருக்கியோடு வந்து, ஜாம்ஃபியின் தொப்புள்மேல் எண்ணெயை ஊற்றி, "திரும்பி வா! திரும்பி வா!" என்று அதட்டினார். வழிதவறிய கோழியைக் கூப்பிடுகிறாரா என்று கேட்டேன். முறைத்தார்.

தாச்சி வரும்போது மணி பத்தாகிவிட்டது. நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். கொண்டுவந்த சாராயத்தை முன்னோர்களுக்குத் தரையில் ஊற்றினார், கொஞ்சம் தனக்கும். அப்புறம்தான் விசாரணை.

"ஏய், வடக்கத்தியான். எடுத்தத வச்சிடு."

"பெரியவரே, நான் எதையும் எடுக்கல. பையனப் பாக்க விடுங்க. ஒரு தடவ தொட்டுப் பாத்துடறேன்."

"இன்னொண்ணையும் எடுக்கவா?" என்றான் ஒருவன்.

"பாக்கட்டும்! நான் பெத்தவ சொல்றேன், பாக்கட்டும்!" என்று ஃபோரிவா எல்லாரையும் தள்ளிவிட்டு வழிவிட்டாள்.

சுமாய்லா குனிந்தான். இரண்டு விரலால்தான் தொட்டான், ஜாம்ஃபி போட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டன. சுமாய்லா நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. தான் அடிபட்டதையே மறந்துவிட்டான்.

"பெரியவரே, எதுவும் தொலையல. உள்ளதான் இருக்கு. அதுவா சுத்திக்கிட்டு மேல ஏறிடுச்சு, நரம்பு முறுக்கிடுச்சு. கல்லாட்டம் வீங்கியிருக்கு. நான் கிடாவுக்கு இதத்தான் கையால செய்யறேன். முறுக்கி விட்டா ரத்தம் போகாது, பொழுது சாயறதுக்குள்ள செத்துடும். இவனுக்கு எட்டு மணிக்கு ஆரம்பிச்சிருக்கு. நடுப்பகல் தொழுகைக்குள்ள டாக்டர் கையில இருக்கணும். அதுக்கு மேல போனா கஷ்டம். கெளம்புங்க!"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? படித்தவனும் இப்படிச் சொல்லமாட்டான். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஒத்துக்கிட்டான்!" என்றார்கள்.

"கேட்டீங்களா? அவனே சொல்றான், நான்தான் முறுக்கி விடுவேன்னு!"

"கிடாவுக்குச் செய்யறத மனுஷனுக்குச் செஞ்சிருக்கான்!"

"அப்ப அவிழ்த்து விடு" என்றார் தாச்சி. தடியால் தரையைத் தட்டினார். "இங்கயே, இப்பவே."

"ஆட்டுக்கு நானே சுத்தினது, எந்தப் பக்கம் எத்தன சுத்துன்னு எனக்குத் தெரியும். இது கடவுள் சுத்தினது. நான் தப்பாத் திருப்பினா இன்னும் இறுகிடும். திறந்து பாத்துத்தான் திருப்பணும்."

"கடவுள் மேலயே பழி போடறான் பாருங்க" என்றார் பாஸ்டர், ஒலிபெருக்கியில்.

இந்தப் பேச்சிலேயே இன்னும் முக்கால் மணி நேரம் போனது. சுமாய்லாவை ஊர்த் தெய்வத்தின் கோவிலுக்கு இழுத்துப்போய்ச் சத்தியம் வாங்கலாமா, தேவாலயத்துக்கு இழுத்துப்போகலாமா என்று இரண்டு கட்சி. இரண்டு கட்சியிலும் ஆஸ்பத்திரி இல்லை. ஜாம்ஃபி கத்துவதைக்கூட நிறுத்திவிட்டான். சாம்பல் பூத்த முகத்தோடு, அம்மாவின் மடியில் பல்லைக் கடித்துக் கிடந்தான். நான் சுமாய்லாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் வானத்தைப் பார்த்தான். பிறகு ஜாம்ஃபியைப் பார்த்தான். எழுந்து நின்றான். குரலே வேறாகிவிட்டது.

"சரி. நான்தான் எடுத்தேன்."

ஆண்பிள்ளைகளின் கைகள் மறுபடி தங்கள் தங்கள் சொத்துக்கு இறங்கின.

"எடுத்தேன். திருப்பியும் தர்றேன். ஆனா இங்க வச்சுத் தர முடியாது."

"ஏன் முடியாது?" என்றார் தாச்சி.

"சுத்திப் பாருங்க, எத்தன கிடா நிக்குது. இங்க எறக்கினா வழி தவறி எதுக்குள்ளயாச்சும் போய் ஒட்டிக்கும். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில அறுக்கற ரூம்ல ஆடு இல்ல. அங்க, டாக்டர் கையில கத்தி இருக்கறப்ப, அதுவா எறங்கும். நடுப்பகல் தாண்டினா எனக்கே அடங்காது. அதுவரைக்கும் பையன் வாயில ஒரு சொட்டு எதுவும் போகக் கூடாது."

பெரிய பெரிய மனிதர்கள் தலையை ஆட்டினார்கள். "ஆமா, ஆடு இருக்கற எடம்" என்று தாச்சியே சொன்னார். என் வாயை நான் முந்தானையால் மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னபோது ஒரு டாக்சி கிடைக்கவில்லை. பொய்க்கு மூன்று வண்டி வந்து நின்றது. பின்கண்ணாடியில் கடவுள் பெயர் எழுதியவன்தான் முதலில் கதவைத் திறந்தான். நான் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஃபோரிவாவோடு ஏறிக்கொண்டேன். சுமாய்லாவை இரண்டு தடியர்கள் நடுவில் உட்காரவைத்து, அவன் கைகளைக் கிழங்கு மூட்டை கட்டுகிற கயிறால் கட்டியிருந்தார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் ஓடிவிடுவானாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன உருவம், பெரிய குரல். ஜாம்ஃபியைப் பார்த்ததும் கட்டிலை உள்ளே தள்ளச் சொல்லிக்கொண்டே, "எப்ப ஆரம்பிச்சது?" என்றாள்.

தாச்சி தோள்துணியைச் சரிசெய்தார். "எங்கள் குடும்பத்தின் சார்பாகவும், எங்கள் முன்னோர்களின் சார்பாகவும்..."

"ஐயா, தள்ளுங்க. எப்ப ஆரம்பிச்சது?"

"காலைல எட்டு மணிக்கும்மா" என்றான் சுமாய்லா கட்டிய கையோடு. "திடீர்னு. வாந்தி எடுத்தான். காய்ச்சல் இல்ல. இடது பக்கம், மேல ஏறி, குறுக்க கெடக்கு. வாயில எதுவும் குடுக்கல."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"திருடன்!" என்றது கூட்டம்.

"ஆட்டுக்குக் காயடிக்கிறவன்மா."

"இவர் கையக் கட்டினது யாரு? அவிழ்த்து விடுங்க. மணி பன்னெண்டு ஆகப்போகுது. எட்டு மணிக்கு ஆரம்பிச்சத இப்பக் கொண்டு வர்றீங்களே, இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

எல்லாரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பாஸ்டரின் ஒலிபெருக்கிகூடத் தரையைப் பார்த்தது.

அறுக்கச் சம்மதம் கேட்டு ஒரு காகிதத்தை நீட்டியபோது தாச்சிக்கு மறுபடி தைரியம் வந்துவிட்டது. "அறுக்கறதுன்னா குடும்பம் கூடிப் பேசணும். நான் தாய்மாமன். எங்க வழக்கத்துல..."

"மாமா, வாய மூடு!" என்று கட்டிலிலிருந்து ஜாம்ஃபி கத்தினான். காகிதத்தைப் பிடுங்கி, படுத்தபடியே கையெழுத்தை இழுத்தான். அறுவைச்சிகிச்சையைவிட இந்த ஒரு பேச்சைத்தான் ஊர் மாதக்கணக்கில் பேசியது.

கதவு மூடியது. நாங்கள் வெளியே நின்றோம். ஃபோரிவா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலயே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். சுமாய்லா சுவரோரம் துண்டை விரித்துத் தொழுதான். அதையும் சிலர் உற்றுப் பார்த்தார்கள். அங்கேதான் எதையோ உதட்டுக்குள் முணுமுணுத்து இறக்குகிறானாம்.

டாக்டரம்மா வெளியே வந்து ஃபோரிவாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒன்றரைச் சுற்று முறுக்கியிருந்ததாம். திறந்தபோது கத்தரிக்காய் நிறத்தில் இருந்ததாம். திருப்பிவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்தாளாம். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. மறுபடி சுற்றாதபடி உள்ளே தையல் போட்டுவிட்டாள். வலப்பக்கமும் அதே வாகாகத் தொங்கியதால் அதற்கும் சேர்த்துத் தையல்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தீங்கன்னா வெட்டித்தான் எடுத்திருக்கணும்மா. இந்த வயசுப் பையன்களுக்கு யாரும் தொடாமலே வரும். மூட்டை தூக்கறப்பவும் வரும், தூங்கி எழுந்திருக்கறப்பவும் வரும். திடீர்னு வலிச்சா நேரா இங்க வரணும், வேற எங்கயும் நிக்கக் கூடாது."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஆரவாரம். "குடுத்துட்டான்! திருடன் திருப்பிக் குடுத்துட்டான்!" பாஸ்டர், தன் எண்ணெய் இப்போதுதான் வேலை செய்தது என்றார். தாச்சி மிச்சச் சாராயத்தை ஆஸ்பத்திரிப் படியில் ஊற்றி முன்னோர்களுக்கு நன்றி சொன்னார். காவலாளி துடைப்பத்தோடு வந்து விரட்டினான். நல்ல மனிதன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு தொண்டை வற்றப் பேசமாட்டேன். எட்டாம் நாள் சந்தைப் பெரியவர்கள் கூடினார்கள். மாமரத்தடி, நாற்காலிகள், தோள்துணிகள். ஊரறிய ஒப்புக்கொண்ட திருடன் இனி சந்தைக்குள் கால் வைக்கக் கூடாது, ஆயுசுக்கும். இதுதான் அவர்கள் சொல்லவிருந்த தீர்ப்பு. தாச்சி வாயைத் திறக்கும் நேரத்தில் ஜாம்ஃபி வந்தான், கால்களை அகட்டி அகட்டி வைத்து, அம்மாவின் தோளைப் பிடித்தபடி.

"மாமா, எவனும் எதையும் திருடல. அதுவா முறுக்கிக்கிச்சு. டாக்டரம்மா எனக்குப் படம் போட்டே காட்டினாங்க. சுமாய்லா அண்ணன் மொதல்ல சொன்னாரே, அட்சரம் பிசகாம அதேதான்."

"அப்புறம் ஏன் நான்தான் எடுத்தேன்னான்?"

"சொல்லலேன்னா நீங்க எல்லாம் நாற்காலியில உக்காந்து பேசிக்கிட்டே என்ன அழுக விட்டிருப்பீங்க. அதனால சொன்னாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெரியவர்கள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். இப்போதாவது எழுந்து ஒரு மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன். இத்தனை வயதாகியும் எனக்கு அந்தப் பைத்தியக்காரத்தனம் போகவில்லை.

தாச்சி தொண்டையைச் செருமினார். "அப்படின்னா இவன் களவு செய்யல. ஆனா செஞ்சேன்னு பெரியவங்க முன்னாடி பொய் சொல்லியிருக்கான். தலைவர் முகத்தப் பாத்துப் பொய்! இத விட முடியாது. மூணு வாரம் சந்தைக்குள்ள வரக் கூடாது, ஊர்ல எவன் கிடாவையும் தொடக் கூடாது."

நான் எழுந்து கேட்டேன், கல்லெறிந்தவனுக்கு எத்தனை வாரம், கையைக் கட்டினவனுக்கு எத்தனை வாரம், தோள்துணி மடித்துக்கொண்டிருந்தவருக்கு எத்தனை வாரம் என்று. "கெழவி, முறை கேக்காமப் பேசாத, உக்காரு" என்றார்கள். உட்காரவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் அடுப்புக்குப் போனேன். "சரிங்க பெரியவரே" என்று சுமாய்லா நாடாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சந்தைக்கு வெளியே இருக்கிற தன் அறைக்குப் போனான்.

அவன் இல்லாத தொழுவம் தொழுவமாகவா இருந்தது? காயடிக்காத கிடாக்கள் ஒன்றையொன்று முட்டி மண்டையை உடைத்துக்கொண்டன. தானே கட்டிப் பார்க்கிறேன் என்று போன ஒருவன் உதை வாங்கி இரண்டு பல்லை இழந்து திரும்பினான். இரண்டாம் வாரம், போன மாதம் செத்த மாமியாருக்கு அடுத்த மாதம் வைத்திருந்த இறுதிச் சடங்குக்காகத் தாச்சி வளர்த்த கிடா மதம் பிடித்து, கொட்டகை மூங்கிலைப் பிளந்து, பக்கத்து வீட்டு அடுப்பங்கரைக்குள் புகுந்தது. பெரியவர் ஆள் அனுப்பினார். பின்வாசல் வழியாக, யாருக்கும் தெரியாமல், வந்துவிட்டுப் போகச் சொல்லி.

போன ஆள் திரும்பும் வழியில் என்னிடம் கென்கி தின்றான், பதிலையும் சொன்னான். சுமாய்லா பாயிலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம்.

"மூணு வாரம்னு தீர்ப்பு சொன்னது பெரியவர். இப்ப வந்தா பொய்யன்ங்கறதோட, தீர்ப்ப மதிக்காதவன்ங்கற பேரும் சேந்துடும். இன்னும் எட்டு நாள் இருக்குல்ல? கெடாவக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

கிடா பொறுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தேவாலயத்துக்கு நொண்டிக்கொண்டுதான் வந்தார். உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்று பூசை முடியும்வரை நின்றார்.